சாவுப் படுக்கையில் தீட்டும் வினையும்: பௌத்தத்தின் மரணப் பார்வையும் இறுதிக்காலப் பராமரிப்பும்



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் நிலம், கல்வி, இடஒதுக்கீடு, இலக்கியம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எனப் பலவற்றைப் பேசுகிறோம். இறந்தவர்களை நினைக்கும் மேடையில் மரணத்தைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பேசலாம். பௌத்தம் மரணத்தை எப்படிப் பார்த்தது, சாகும் நிலையில் உள்ளவரை எப்படிப் பார்த்துக்கொள்ளச் சொன்னது, இன்று 'ஹாஸ்பிஸ்' என்றும் 'நோய் ஆதரவு சிகிச்சை' என்றும் சொல்லப்படும் மருத்துவத்துக்கும் அதற்கும் என்ன உறவு, அதில் நமக்கு என்ன வேலை இருக்கிறது என்பவையே இந்த உரையின் பொருள்.

சாதிச் சமூகம் மரணம் சார்ந்த வேலைகள் அத்தனையையும் ஒடுக்கப்பட்ட மக்கள் தலையில் கட்டியது. கேதம் சொல்லி ஊர் ஊராக நடப்பது, பறையடிப்பது, பாடை கட்டுவது, குழி வெட்டுவது, சிதை அடுக்கி எரியும்வரை காத்திருப்பது எல்லாம் நம் முன்னோர் செய்த வேலைகள். ஊரார் பிணத்துக்கெல்லாம் வழி செய்த மக்களின் பிணத்துக்கு மட்டும் வழி கிடையாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

பிணத்தைச் சுற்றி நடக்கும் இந்த அரசியலைப் பற்றி நம்மிடம் நிறைய எழுத்து இருக்கிறது. பிணமாவதற்கு முந்தைய நாட்களைப் பற்றி அவ்வளவு இல்லை. புற்றுநோய் முற்றியவர், பக்கவாதத்தில் விழுந்தவர், படுக்கைப் புண் வந்தவர் ஆகியோரின் கடைசி மாதங்கள் எப்படிக் கழிகின்றன? மலத்தையும் சலத்தையும் சீழையும் யார் துடைப்பது? வலி தாங்காமல் கத்தும்போது யார் பக்கத்தில் இருப்பது? இந்தக் கேள்விகளிலும் சாதி இருக்கிறது. சாகிறவரைக் கைவிடுவதற்கு இந்தச் சமூகம் இரண்டு நியாயங்களை வைத்திருக்கிறது. ஒன்று தீட்டு, மற்றொன்று வினை. தொட்டால் அசுத்தம் என்பது முதலாவது. அவர் படுவது அவர் செய்த பாவத்தின் பலன் என்பது இரண்டாவது. தீண்டாமையைத் தாங்கி நிற்கும் தூண்களும் இவைதாம். பூர்வ பௌத்தம் இவ்விரண்டையும் நோயாளியின் படுக்கையருகிலேயே எதிர்கொண்டது என்பதுதான் நாம் இன்று சொல்ல வருவது.

மலத்தைக் கழுவிய ஆசிரியர்

விநயபிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. புத்தர் ஆனந்தருடன் பிக்குகளின் இருப்பிடங்களைச் சுற்றிப் பார்த்து வருகிறார். ஓர் அறையில் வயிற்றுப்போக்கு கண்ட பிக்கு ஒருவர் தன் மலசலத்திலேயே விழுந்து கிடக்கிறார். உம்மைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா என்று புத்தர் கேட்கிறார். இல்லை என்கிறார் அவர். ஏன் என்று கேட்டதற்கு, தன்னால் மற்ற பிக்குகளுக்கு எந்தப் பயனும் இல்லை, அதனால் யாரும் வருவதில்லை என்று பதில் சொல்கிறார்.

புத்தர் ஆனந்தரிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் தண்ணீரை ஊற்ற, ஆனந்தர் உடலைக் கழுவுகிறார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதன்பிறகு புத்தர் சங்கத்தைக் கூட்டுகிறார். உங்களைப் பார்த்துக்கொள்ளத் தாயும் தந்தையும் இங்கே இல்லை, நீங்களே ஒருவரையொருவர் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறார். தனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றும் சொல்கிறார்.

இந்தக் கதையைக் கருணைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். நாம் சற்று நின்று மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, புத்தர் இதை விதியாக்கினார். நோயுற்ற பிக்குவை அவருடைய ஆசிரியர் பார்க்க வேண்டும். ஆசிரியர் இல்லையென்றால் மாணவர், மாணவரும் இல்லையென்றால் உடன் தங்கியிருப்பவர். யாருமே இல்லையென்றால் சங்கம் முழுவதும் பொறுப்பு. பார்க்காமல் விட்டால் அது குற்றம். ஆசிரியரின் மலத்தை மாணவர் துடைப்பதுபோல மாணவரின் மலத்தை ஆசிரியரும் துடைக்க வேண்டும். இந்த வேலை மேலிருந்து கீழே தள்ளப்படவில்லை.

இரண்டாவது, பராமரிப்பவருக்குரிய தகுதிகள் ஐந்து பட்டியலிடப்படுகின்றன. மருந்தைத் தயாரிக்கத் தெரிய வேண்டும். நோயாளிக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்திருக்க வேண்டும். ஆதாயம் கருதாமல் அன்பினால் செய்ய வேண்டும். மலம், சிறுநீர், வாந்தி, எச்சில் இவற்றை எடுத்துப்போட அருவருப்படையக் கூடாது. தக்க நேரத்தில் நல்ல சொல் சொல்லி மனதைத் தேற்றத் தெரிய வேண்டும். மலம் அள்ளுவதை ஒரு சாதியின் பிறவிக் கடமையாக்கிய நாட்டில், அருவருப்பின்மையைப் பயிற்சியால் அடைய வேண்டிய ஒழுக்கமாக, எல்லோருக்கும் உரிய தகுதியாக வைத்த நூல் இது.

மூன்றாவது செய்தி அதிகம் பேசப்படாதது. ஒரு பிக்கு இறந்துவிட்டால் அவருடைய சீவர ஆடைகளையும் பிச்சைப் பாத்திரத்தையும் யாருக்குக் கொடுப்பது? நோயில் அவரைப் பார்த்துக்கொண்டவருக்கே சங்கம் அவற்றைக் கொடுக்க வேண்டும் என்று மகாவக்கம் சொல்கிறது. பிக்குவோடு சேர்ந்து, துறவில் இளைய நிலையில் இருக்கும் சாமணேரரும் பணி செய்திருந்தால் அவருக்கும் சம பங்கு. நம் ஊர்களில் வெட்டியானுக்குக் கிடைப்பது வாய்க்கரிசியும் சில்லறையும். சாவுத் துணி போகும் இடம் புதிரை வண்ணார் வீடு. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இன்னொரு படி கீழே தள்ளப்பட்டவர்கள் அவர்கள். அங்கே துணி இழிவின் அடையாளமாகப் போகிறது. சங்கத்திலோ அதே துணி, செய்த வேலைக்கான மரியாதையாகச் சபை நடுவே வழங்கப்பட்டது.

சங்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெருக் கூட்டிக்கொண்டிருந்த சுனீதர் இருந்தார். இடுகாட்டில் பிறந்து, அதன் காவலாளியால் வளர்க்கப்பட்டவர் என்று மரபு சொல்லும் சோபாகர் இருந்தார். அண்ணல் அம்பேத்கர் தம் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இவர்களைச் சேர்த்திருக்கிறார். புத்தரின் ஆளுமையைப் பேசும் பகுதியில், நோயாளிகள்பால் அவர் கொண்ட அக்கறைக்கெனத் தனித் தலைப்பே வைத்து, நாம் மேலே சொன்ன நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார்.

நம் மயானங்களில் அரிச்சந்திரனுக்கு ஒரு கல்லோ சிறு கோயிலோ இருக்கும். பாடையை அங்கே இறக்கி வைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். அந்தக் கதையில் மயானக் காவல் என்பது அரசனுக்கு நேர்ந்த கடைசி வீழ்ச்சி. முடிவில் அரசனுக்கு அரியணை திரும்பக் கிடைக்கிறது. மயானத்தை நிஜமாகவே காத்துவரும் மனிதனுக்குக் கதையில் எதுவும் கிடைப்பதில்லை. சோபாகரின் கதையில் இடுகாட்டுப் பிள்ளையே சங்கத்துக்குள் வருகிறார்.

சாகிறவரின் கவலை

மரணம் நிச்சயம், எல்லாம் அநித்தியம் என்று பௌத்தம் சொல்வது எல்லோருக்கும் தெரியும். கிசாகோதமி தன் இறந்த குழந்தைக்கு மருந்து கேட்டு வந்ததும், சாவு நிகழாத வீட்டில் கடுகு வாங்கிவரப் புத்தர் அனுப்பியதும் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிந்த கதை. ஆனால் சாகக் கிடப்பவரிடம் போய் அநித்தியத்தை உபதேசிப்பது பௌத்த முறையா? பழைய நூல்கள் அதற்கு முன்னால் வேறொன்றைச் செய்யச் சொல்கின்றன.

சாக்கியரான மகாநாமர் புத்தரிடம் கேட்கிறார்: நோயுற்ற இல்லறத்தாரை இன்னோர் இல்லறத்தார் எப்படித் தேற்ற வேண்டும்? புத்தர் சொன்ன வழிமுறையில், ஆறுதல் கூறியபின் முதலில் கேட்க வேண்டியது பெற்றோரைப் பற்றிய கவலை இருக்கிறதா என்பது. அடுத்தது மனைவி மக்களைப் பற்றிய கவலை. அவற்றைப் பேசித் தீர்த்த பிறகே மற்றவை.

நகுலபிதா என்ற இல்லறத்தார் கடும் நோயில் கிடக்கிறார். அவர் மனைவி நகுலமாதா பக்கத்தில் அமர்ந்து பேசுகிறார். நான் பருத்தி நூற்பேன், கம்பளி சீவுவேன், பிள்ளைகளைக் காப்பாற்றுவேன், கவலையோடு சாகாதீர்கள் என்பது அவர் பேச்சின் முதற்கருத்து. தத்துவத்துக்கு முன்னால் அந்தப் பெண் தன் கைத்தொழிலைச் சொல்கிறார். கூலி வேலை செய்து வீட்டைத் தாங்கியவர் படுக்கையில் விழும்போது அவரை அரிப்பது கடனும் பிள்ளைகளின் படிப்பும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மரபு பதிவு செய்து வைத்திருக்கிறது.

புத்தரின் இறுதியும் அப்படித்தான். 80 வயதில், குருதி கலந்த வயிற்றுப்போக்கோடு குசிநாராவில் படுத்திருக்கிறார். அவர் கடைசியாக உண்டது சுந்தன் என்ற கொல்லர் அளித்த உணவு. பழி சுந்தன் மேல் விழுந்துவிடக் கூடாது, அவருக்குப் போய் ஆறுதல் சொல்லுங்கள் என்று ஆனந்தரிடம் சொல்லி வைக்கிறார். கதவைப் பிடித்துக்கொண்டு அழும் ஆனந்தரை அழைத்து, இத்தனை ஆண்டுகள் நீர் அன்போடு செய்த பணி பெரிது என்று பாராட்டுகிறார்.

1967இல் தென் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஒரு கிறித்தவர். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரானவர். அவர் 'முழு வலி' என்றொரு கருத்தை முன்வைத்தார். சாகிறவரின் வலி உடலில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் பணமுடையிலும் வாழ்வின் பொருள் பற்றிய கேள்வியிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்தே தணிக்க வேண்டும் என்பது அதன் சாரம். வலி திரும்பும்வரை காத்திருக்காமல், நேரம் தவறாது மார்ஃபின் கொடுத்துவர வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்தியது. நகுலமாதாவும் சாண்டர்ஸும் சந்திக்கும் இடம் இது. ஒருவர் மற்றவரிடமிருந்து எடுத்தார் என்று நாம் சொல்லவில்லை. சாகிறவர் அருகில் உண்மையாக உட்கார்ந்தவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்குகிறார்கள் என்றே சொல்கிறோம்.

வினை என்னும் பொய்

'எந்த ஜென்மத்தில் செய்த பாவமோ' என்ற சொல் நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் சாதாரணமாகக் காதில் விழும். வலியில் துடிப்பவரிடம் இதைச் சொல்வதும், சேரியில் பிறந்தவரிடம் இதைச் சொல்வதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. துன்பத்துக்குத் துன்பப்படுபவரையே பொறுப்பாக்கிவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்கிறார்கள்.

சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்ற பரிவிராஜகர் புத்தரிடம் இதையே கேட்கிறார். மனிதர் படும் இன்பதுன்பம் எல்லாமே முன்வினையால் வருவது என்கிறார்களே, உண்மையா? புத்தர் எட்டுக் காரணங்களைச் சொல்கிறார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கலந்த கோளாறு, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, பிறர் தாக்குதல், எட்டாவதாக வினை. எல்லாமே முன்வினை என்பவர்கள் தங்களுக்கே தெரிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார். காய்ச்சலுக்குக் காரணம் உடலிலும் பருவத்திலும் இருக்கிறது என்றால் மருந்துக்கு வேலை இருக்கிறது. அடிப்பவர் கையில் காரணம் இருக்கிறது என்றால் நீதிக்கும் வேலை இருக்கிறது.

அந்தப் பட்டியலின் எட்டாம் இடத்தையும் அம்பேத்கர் கேள்விக்கு உட்படுத்தினார். 'புத்தரும் அவர் தம்மமும்' அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்தது. ஆன்மா இல்லை என்று சொன்ன புத்தர், ஆன்மாவோடு ஒட்டிய வினைக் கொள்கையையும் மறுபிறப்பையும் எப்படி ஏற்றிருக்க முடியும் என்பது அதன் முன்னுரையில் அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. 29 வயதுவரை முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டதே இல்லை, கண்டதும் துறந்தார் என்ற கதையையும் அவர் ஏற்கவில்லை. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போரிட முனைந்ததை எதிர்த்தே சித்தார்த்தர் வெளியேறினார் என்று எழுதினார். மூப்பும் பிணியும் சாக்காடும் இயற்கை. அவற்றின்மேல் மனிதர் ஏற்றி வைக்கும் துன்பமோ தடுக்கக்கூடியது. அம்பேத்கரை நாம் இப்படிப் படிக்கிறோம்.

பௌத்தம் என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கே புராகு மக்கள் நம்மைப்போல் பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்கள். தோல் வேலையும் இறந்த விலங்குகளை அகற்றும் வேலையும் அவர்கள் மேல் சுமத்தப்பட்டன. இறந்தவருக்குப் பௌத்தக் கோயில்கள் சூட்டும் தம்மப் பெயரில்கூட, புராகு மக்களுக்கு விலங்கு என்று பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்துக் கல்லறையில் பொறித்தார்கள். இந்த இழிவுக்கு முன்வினை விளக்கமும் சொல்லப்பட்டது. 1979இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த உலகச் சமயங்களின் அமைதி மாநாட்டில், சோட்டோ ஜென் பிரிவின் தலைவர் ஒருவர் ஜப்பானில் அப்படிப்பட்ட பாகுபாடே இல்லை என்று பேசினார். புராகு விடுதலை இயக்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றார். அந்தப் பிரிவு தன் பதிவேடுகளையும் கல்லறைப் பெயர்களையும் திருத்த இறங்கியது. வினைக் கொள்கை புகுந்த இடத்தில் பௌத்தமும் சாவில் சாதி பார்த்தது.

நம் மண்ணில்

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததையும், மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொண்டுவந்து நட்டதையும் சொல்கிறார். அந்த ஏற்பாடு எட்டிய எல்லைப்புறங்களில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பிரபரணி எனும் இலங்கை ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார்.

மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் தமிழில் நமக்குக் கிடைத்துள்ள விரிவான இடுகாட்டுச் சித்திரம். எரிப்பவர், புதைப்பவர், தாழியில் கவிப்பவர் எனப் பலரும் அங்கே வருகிறார்கள். அங்கே எழுப்பிய நினைவுக் கோட்டங்கள் நான்கு வருணத்துக்கும் வேறு வேறாக இருந்தன என்று சாத்தனார் குறிப்பிடுகிறார். சாவுக்கோ அந்த வேறுபாடு தெரியவில்லை. தவத்தோர், செல்வர், பிள்ளை பெற்ற இளம்பெண், பாலகர் என்று பாராமல் அது எல்லோரையும் குவிக்கிறது. இறந்தபின்னும் வருணம் பார்ப்பவர்கள் உயிரோடு இருப்பவர்களே. அதே காப்பியத்தில் மணிமேகலை அமுதசுரபியால் பசித்தோரின் பசியைப் போக்குகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுமாறு மன்னனிடம் கேட்டுப் பெறுகிறாள். முற்பிறப்புக் கதைகளும் ஊழ்வினையும் அக்காப்பியத்தில் நிறைய உண்டு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பாத்திரத்தையும் அறக்கோட்டத்தையும்.

1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர் என்பதை நாம் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறோம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி 1914இல் மறையும்வரை நடத்தியவர் அவர். நாடி பிடித்துப் பார்த்த கை அந்த எழுத்தை எழுதிய கை. அந்த மரபின் வாரிசுகளுக்கு நோயாளியின் படுக்கை அந்நிய இடம் ஆகாது.

மார்ஃபினும் மாற்றுத் துணியும்

நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தோடு பௌத்தர்கள் கைகோத்தது 1980களில். ஹாஸ்பிஸ் என்ற கிறித்தவச் சொல்லுக்கு மாற்றாக 'விகாரை' என்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று 1985இல் ஜப்பானில் தமியா மசாஷி முன்மொழிந்தார். 1992இல் நாகவோகா நகர மருத்துவமனை ஒன்றில் விகாரைப் பிரிவு தொடங்கியது. 1987இல் சான் பிரான்சிஸ்கோவில், எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே உலகம் அஞ்சிய நாட்களில், ஜென் துறவி இசான் டோர்சி மைத்திரி என்ற இல்லத்தைத் தொடங்கினார். அவரும் 1990இல் எய்ட்ஸால் இறந்தார். அதே 1987இல் அந்த நகரில் ஜென் ஹாஸ்பிஸ் திட்டமும் உருவானது.

இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் தொடங்கியது. 1993இல் கோழிக்கோட்டில் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம் உருவானது. அங்கிருந்து கிளைத்த முயற்சிகள், அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று வீடு தேடிப்போய்ப் பார்த்துக்கொள்ளும் முறையைக் கேரளத்தில் வளர்த்தன. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளது.

ஆனாலும் உலகம் முழுவதிலும், இந்தச் சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறக்குறைய 14 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் அரசு அனுமதியோடு அபின் பயிராகிறது, வெளிநாடுகளுக்கும் போகிறது. அதிலிருந்து எடுக்கும் மார்ஃபின் விலை மலிவான மருந்து. 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கொண்டுவந்த உரிமக் கெடுபிடிகளால் மருத்துவமனைகளில் அதன் பயன்பாடு பெருமளவு சரிந்தது. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. பணம் உள்ளவர் நகரத்துத் தனியார் மருத்துவமனையில் வலி தெரியாமல் இறக்கலாம். கூலித் தொழிலாளி கூரை வீட்டில் கத்திக்கொண்டு இறக்கிறார். அவர் வலிக்குக் காரணம் முன்வினை இல்லை, மருந்து வந்து சேராததே.

தீட்டின் கதையும் முடிந்துவிடவில்லை. மருத்துவமனையில் நோயாளியின் மலத்தை யார் எடுக்கிறார், என்ன சம்பளத்தில் எடுக்கிறார், எந்தச் சாதிப் பெண்கள் ஒப்பந்தக் கூலிக்கு அந்த வேலையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மருத்துவர் கருணையைப் பேச, துப்புரவுத் தொழிலாளி மலம் அள்ளும் ஹாஸ்பிஸ், அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு படுக்கை போட்டதைப்போல் ஆகிவிடும். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கியதை விதியாகக் கொள்ளும் இடமே நமக்கு வேண்டிய விகாரை.

நாம் செய்ய வேண்டியவை

அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. வட்ட அளவில் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் வாய்வழி மார்ஃபினும் அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்றவரும் இருக்க வேண்டும். பராமரிப்புப் பணியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் நிரந்தரப் பணியும் உரிய ஊதியமும் கையுறை முதலான பாதுகாப்பும் வேண்டும். நோயாளியைக் கழுவித் துடைப்பது மருத்துவ, செவிலியர் மாணவர் அனைவரும் முறைவைத்துச் செய்யும் பயிற்சியாக வேண்டும். எல்லா ஊரிலும் எல்லோருக்கும் பொதுவான மயானமும் மறிக்கப்படாத பாதையும் வேண்டும்.

நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவையும் உண்டு. இயக்கத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த எத்தனையோ பேர் கடைசி நாட்களில் தனியே கிடந்து போகிறார்கள். அவர்களுக்கு நாம் இரங்கற்கூட்டம் நடத்துகிறோம், படம் திறக்கிறோம், மலர் வெளியிடுகிறோம். படுக்கையில் இருந்தபோது போய்க் காலைப் பிடித்துவிட்டவர்கள் எத்தனை பேர்? தாயும் தந்தையும் அருகில் இல்லாத பிக்குகளிடம் கேட்கப்பட்ட கேள்வி, சாதியை விட்டும் ஊரை விட்டும் வெளியேறி இயக்கத்துக்கு வந்தவர்களுக்கும் பொருந்தும்.

ஆகவே ஒரு முன்மொழிவோடு முடிக்கிறோம். நம் மன்றத்தில் பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று அமைப்போம். அருகிலுள்ள நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெறுவோம். படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டவும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும், மார்ஃபினுக்கு யாரை அணுகுவது என்று வழிகாட்டவும் கற்றுக்கொள்வோம். ஆணும் பெண்ணும், படித்தவரும் படிக்காதவரும், எல்லா உட்சாதியினரும் முறைவைத்துப் போவோம். அடுத்த ஆண்டு நினைவுநாளில் இந்த மேடையில் அந்தக் குழுவின் அறிக்கையை முதலில் படிப்போம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள்.

ஜெய்பீம்.